கலியாணப் பந்தலில் அளந்த காற்று

கனடா விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரிப் பெண், தங்கச்சிக்குக் கொண்டுவந்த பனங்கட்டியையும் மிளகாய்த்தூளையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த காற்றுமானியைத்தான் எடுத்தாள். ஒரு கைப்பிடி, அதன் தலையில் சுழல்கிற மூன்று சிறு கிண்ணங்கள், கீழே எண் காட்டும் சின்னத் திரை. அவள் வாயால் ஊதிப் பார்த்தாள். திரையில் பதினொன்று என்று விழுந்தது. கலியாணத்துக்கு வந்தவர் எதற்குக் காற்றை அளக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியை மூடினேன்.

பதினைந்து வருசமாக மன்னார்த் தீவில் காற்றளக்கும் கோபுரங்களில் ஏறி இறங்குகிறவன் நான். ஓரிடத்தில் காற்றாலை நடலாமா என்று முடிவெடுக்க முன்னர், அங்கே ஒல்லியான ஒரு கோபுரத்தை நிறுத்தி, பத்து மீற்றரில், நாற்பதில், எண்பதில் என்று கிண்ணங்களைப் பூட்டி, ஒரு வருசத்துக்கும் மேலாக எழுதி எடுப்போம். மூக்குக் கண்ணாடியை எடுப்பது போலத்தான் இந்தக் கைக்கருவியையும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை.

வெளியே தங்கச்சி வதனியும் அவள் புருசன் குகனும் காத்திருந்தார்கள். வதனி கனடாவுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். அவளுடைய மூத்த மகள் அபிக்குத்தான் கலியாணம். குகனுக்கு வேலை மிசிசாகாவில், வீடு விட்பியில். நகரத்தின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்குத் தினமும் ஓடுகிற மனிதர். அன்றைக்கு நெடுஞ்சாலையில் ஒரு லொறி சரிந்து கிடந்ததால் இரண்டேகால் மணித்தியாலம் எடுத்தது. ஊரில் அந்த நேரத்துக்குள் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டும் விடலாம். சொன்னேன். குகன் சிரிக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. எல்லோரும் வேலைக்குப் போய்விட, நான் ரயிலேறி நகரம் பார்க்கப் போனேன். வதனி கட்டித்தந்த மீன் ரோல்ஸ் கையில் இருந்தது. வங்கிக் கட்டடங்கள் நிற்கும் ஒரு சந்தியில் திரும்பியதும் காற்று என்னைப் பிடித்துத் தள்ளியது. கடதாசிப் பை கிழிந்து ரோல்ஸ் இரண்டும் தெருவில் உருண்டன. பக்கத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், இந்த மூலை எப்போதும் இப்படித்தான், அடுத்த தெருவுக்குப் போனால் இலை கூட அசையாது என்றார். போய்ப் பார்த்தேன். அசையவில்லை.

எனக்கு அது புதினமில்லை. நிலத்தோடு உரசிக்கொண்டு போகிற காற்றை, புல்லும் மரமும் வீடும் காலைப் பிடித்து இழுக்கும். மேலே போகப் போகப் பிடிப்பார் இல்லை, வேகம் கூடும். உயரக் கட்டடம் அந்த மேல் காற்றை முகத்தில் வாங்கிக் கீழே இறக்கிவிடும். ஆனபடியால் ஒரு ஊரில் ஒரு காற்று என்று எதுவும் கிடையாது. எந்த இடத்தில், எத்தனை அடி உயரத்தில் அளந்தாய் என்று கேட்காமல் எண்ணை மட்டும் சொல்கிறவனை எங்கள் வேலையிடத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். இதையெல்லாம் நான் புதிதாக வருகிறவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். என் வாயால்தான் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது ரயிலில் நித்திரையாகி, விட்பியைத் தாண்டிக் கடைசி நிலையத்தில் விழித்தேன். குகன் வந்து ஏற்றிப் போனார். அன்றிரவுச் சாப்பாட்டில்தான் கலியாணம் மண்டபத்தில் இல்லை என்று தெரிந்தது. நகரத்தை ஒட்டிக் கடல் போலக் கிடக்கும் வாவியைப் பார்த்தபடி அபிக்குத் தாலி கட்ட வேண்டுமாம். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு ஸ்காபரோவில், வாவிக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மண்மேட்டின் விளிம்பில் வீடு. அந்தப் புல்வெளியில் பெரிய கூடாரம் அடிக்கப் போகிறார்கள். இருநூற்றைம்பது பேர். காற்று எப்படி என்று கேட்டேன். குகன் கைபேசியை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் காற்று, மணிக்கு முப்பது கிலோமீற்றர்.

அந்த முப்பது விமான நிலையத்தில் அளக்கிற கணக்கு, உங்கள் மேட்டில் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு இறால் குழம்பைப் போட்டுக்கொண்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கூடாரம் அடிக்க வந்தவர் நிசாம் நானா. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முப்பது வருசமாக இங்கே கூடாரத் தொழில். நான் மன்னாரில் வேலை என்றதும் என் கையை விடவேயில்லை. தீவில் காற்றாலை சுற்றுகிறதைக் காணொளியில் பார்த்தாராம், தன் வீட்டு வளவு அதில் தெரிகிறதா என்று தேடினாராம். முழங்கை நீள இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கிக்கொண்டே பேசினார். அந்தக் கிழமை முழுவதும் மழை. முளைகள் வெண்ணெய்க்குள் போவது போல இறங்கின. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு இரண்டு விசயம் சொன்னார். காற்று அறுபதைத் தாண்டினால் கூடாரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. பக்கச் சீலைகளை இறக்குவதென்றால் காற்று வருகிற பக்கத்தை முதலில் மூட வேண்டும், அல்லது நாலு பக்கத்தையும் திறந்து விட வேண்டும். குகன் தலையாட்டினார். அப்போது ஐயர் தொலைபேசியில் வந்து, மணவறை கிழக்கு நோக்கித்தானே என்று கேட்டார். ஓம் என்றார் குகன். மணவறை மேற்குப் பக்கத்தில், வாசல் கிழக்குப் பக்கத்தில். மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருந்த இடத்திலிருந்தே வாவியைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அது பொருந்தி வந்ததில் சந்தோசம். எனக்கும்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்கள் அங்கே போய்விட்டோம். மேட்டின் விளிம்பில், கூடார வாசலுக்கு நேரே மட்டும் இடைவெளி விட்டு, என் தலையுயரத்துக்குச் செடிவேலி. அதற்கு இந்தப் பக்கம் நின்று கருவியை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். ஒரு நிமிசம் பிடித்திருப்பேனோ என்னவோ. பதினான்கு. வதனி தலைமுடி அலங்காரக்காரியின் கைகளுக்குள் இருந்தபடியே யன்னலால் கேட்டாள்: "அண்ணை, காத்து ஒண்டும் செய்யாதெல்லோ?"

"ஒண்டும் செய்யாது. பயப்பிடாமல் அலுவலைப் பார்" என்றேன்.

வேலி மறைப்பில் நின்று, நெஞ்சுயரத்தில், விடியற்காலையில், ஒரு நிமிசம். எங்கள் வேலையில் பத்து நிமிசத்துக்குக் குறைந்த அளவை ஒருவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இதே பிழையை ஒரு புதுப் பொடியன் விட்டால் அன்றைக்கு முழுக்க அவனுக்கு என்னிடம் ஏச்சு விழும். நான் விட்டேன். தங்கச்சியின் முகத்தில் நாலு நாளாகக் கண்ட பதற்றம் குறைய வேண்டும் என்ற ஆசைதான் காரணம். காற்றளக்கிற மனிசன் அண்ணனாக வந்திருக்கிறார் என்று அவள் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அதில் உச்சி குளிர்ந்தது.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பத்துக்கு மேளம். வீடியோக்காரர் தன் பறக்கும் கமராவை எடுத்து வந்து, இரண்டு தரம் மேலே அனுப்பி இறக்கி, இன்றைக்கு இது சரிவராது என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதைப் பார்த்தும் நான் கட்லட் தின்றுகொண்டு நின்றேன்.

பத்தரைக்குக் குத்துவிளக்கு அணைந்தது. ஏற்றினார்கள். திரும்ப அணைந்தது. முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓமத்துப் புகை ஐயரின் கண்ணுக்குள்ளேயே அடித்தது. தாலி கட்டுகிற முகூர்த்தம் பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை. வதனி குகனைப் பார்த்தாள். குகன் எழும்பிப்போய், மாப்பிள்ளையின் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, மேற்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கச் சீலைகளையும் இறக்கி இறுக்கிக் கட்டினார். கிழக்கை மூடவில்லை. மணவறையின் முகத்தை யார் மூடுவார்கள்? அபி ஆசைப்பட்ட வாவியும் அந்தப் பக்கம்தானே.

விளக்கு நின்று எரிந்தது. அசையவேயில்லை. என் பின்னால் இருந்த ஒரு அன்ரி, இப்பத்தான் வடிவாயிருக்கு என்றார். குகன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

வெளியே வேலிச் செடிகள் படுத்து எழும்புகின்றன, உள்ளே சுடர் ஆடாமல் நிற்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் திறந்த சாக்கை ஓடும் வண்டியில் பிடித்தால் எப்படியோ அப்படித்தான் நாங்கள் இருந்தோம். உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. போகாத காற்று சுடரைத் தொந்தரவு செய்யாது, கூரையைத்தான் தூக்கும். அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைச் சீலை சுருக்கம் ஒன்றில்லாமல் உப்பி நின்றது. கயிறுகள் இரைந்தன. மேளச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

வெளியே ஓடினேன். வீடியோக்காரரின் நீளத்தடியை வாங்கி, நுனியில் கருவியைக் கட்டி, கூரை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். கூடிய வேகத்தைக் கருவி தானே நினைவில் வைத்திருக்கும். மூன்று நிமிசம் பிடித்து இறக்கினேன். சராசரி நாற்பத்தொன்பது. கூடியது அறுபத்தேழு. உடனேயே வேலிக்குப் பின்னால், நெஞ்சுயரத்தில் பிடித்தால் பத்தொன்பது. தண்ணீருக்கு மேல் தடையில்லாமல் ஓடிவந்த காற்று, மேட்டின் சுவரில் முட்டி, நெருங்கிக்கொண்டு விளிம்பால் ஏறி, சரியாகக் கூடாரத்தின் தோளில் இறங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். 

நிசாம் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அஜக்ஸில் வேறொரு கூடாரத்தில் நின்றார். எண்களைச் சொன்னேன். எந்தப் பக்கம் திறந்திருக்கு என்று கேட்டார். கிழக்கு மட்டும் என்றேன். 

"தம்பி, ஆக்கள வெளிய எடுங்க. பொறகு மேக்குப் பக்கத்த அவுத்து விடுங்க. உள்ள ஆள் நிக்கக்குள்ள சீலையில கை வைக்க வேணாம்."

பதினொன்று பத்து. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிசம். மணவறைக்குப் பின்னால் நின்ற வதனியின் காதுக்குள் சொன்னேன். அவள் முதலில் விளங்காதவள் போல என்னைப் பார்த்தாள்.

"விளக்கு நிண்டு எரியுது, அண்ணை. காலமை நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் பிழையாய் அளந்துபோட்டன், வதனி."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. குகன் வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் மணவறையில் இருந்த பிறகு தாலியில்லாமல் எழும்புவதா, ஊர் என்ன சொல்லும், பத்து நிமிசம் பொறுக்க முடியாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பத்து நிமிசம் தாங்கலாம். ஒரு மணித்தியாலமும் தாங்கலாம். அடுத்த வீச்சிலேயே போகவும் செய்யலாம். இருநூற்றைம்பது பேர் உள்ளே. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒவ்வொன்றும் என் தொடை மொத்தம். முன்வரிசையில் தாய்மாரின் மடியில் கைக்குழந்தைகளை எண்ணினேன். நாலு.

அபி கூறைச்சேலையோடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நாங்கள் பேசியது முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"மாமா, ஆர் யூ ஷுவர்?"

எனக்குத் தெரியாது. காற்றைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதுதான் நான் பதினைந்து வருசத்தில் படித்தது. காலையில் நிச்சயமாகச் சொன்னதன் பலனைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கேள்விக்கு அந்த மறுமொழியைச் சொல்ல முடியாது.

"ஓம், பிள்ளை" என்றேன்.

அவள் எழும்பினாள். மேளகாரர் ஒருவர் வாசிப்பதை நிறுத்தினார், பிறகு மற்றவர். மாப்பிள்ளை ஒரு கணம் தகப்பனைப் பார்த்துவிட்டு அவளோடு எழும்பினான். சபையில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. ஐயர்தான் நிலைமையைப் பிடித்தார். நேரம் இருக்கிறது, பன்னிரண்டு வரை முகூர்த்தம், எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள் என்று ஒலிவாங்கியில் சொன்னார். வீட்டுக்குள் ஓமம் வளர்த்தால் புகை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும், கராஜைத் திறவுங்கள் என்றும் அவரே சொன்னார்.

ஆட்கள் வெளியேறியது எனக்கு ஒரு யுகம். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, பிள்ளைகளைத் தூக்கியபடி, முணுமுணுத்தபடி போனார்கள். ஒரு வயதானவர் தேத்தண்ணிக் கோப்பையை முடித்துவிட்டுத்தான் எழும்புவேன் என்று இருந்தார். அவரைக் கதிரையோடு தூக்கினோம். கடைசி ஆள் வெளியேறிய பிறகு, நானும் மாப்பிள்ளையின் நண்பர்கள் இருவரும் மேற்குச் சீலையை வெளிப்பக்கமாக நின்று அவிழ்த்தோம். முடிச்சு விட்டதும் சீலை சாட்டையாய் அடித்தது, என் கன்னம் கிழிந்தது. காற்று ஊடாக ஓடியது. குத்துவிளக்கு உடனே அணைந்தது. கூரை தளர்ந்து மடிப்பு விழுந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கராஜில் பனி அள்ளும் சவள்களுக்கும் காரின் குளிர்காலச் சில்லுகளுக்கும் நடுவே இரண்டு பிளாஸ்ரிக் கதிரை. கராஜ் வாசல் மேற்குப் பார்த்தது. கிழக்கே பார்த்து இருக்க வேண்டுமே என்று பொம்பிளை மாப்பிள்ளை இருவரும் சபைக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து இருந்தார்கள். பதினொன்று நாற்பத்தைந்துக்குத் தாலி ஏறியது. முக்கால்வாசிப் பேர் தெருவில் நின்று கெட்டிமேளத்தை மட்டும் கேட்டார்கள். வாவியை ஒருவரும் பார்க்கவில்லை.

கூடாரம் விழவில்லை. சாப்பாடு பெட்டிகளில் தெருவோரமாகப் பரிமாறப்பட்டபோதும் நின்றது, வந்தவர்கள் போனபோதும் நின்றது. நாலு மணிக்குக் காற்று அடங்கி, வாவி தட்டையாகக் கிடந்தது. காருக்குள் ஏறப்போன ஒரு அங்கிள், கூடாரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, காத்துக்குப் பயந்து கராஜுக்கை தாலி கட்டின ஆக்கள் நாங்கள்தான் என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் என்னிடம் விடைபெறாமலே போனார். குகன் மட்டும், ஒண்டும் நடக்கேல்லையே மச்சான் என்றார், குற்றமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். தாலி ஏறிய பிறகு வதனி நான் நின்ற பக்கம் வரவில்லை. இரவு என் கன்னத்துக்கு மருந்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் ரயிலில் நித்திரையாகிக் கடைசி நிலையத்தில் விழித்தவன் போல முழித்துக்கொண்டு கிடந்தேன். அவள் ஒரு வருசம் அடுக்கடுக்காகச் சேர்த்த நாளை நான் கலைத்துப்போட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

திங்கள் காலை நிசாம் நானா கூடாரம் பிரிக்க வந்தார். பெரியம்மா வீட்டிலிருந்து பாத்திரங்களை எடுக்க வேண்டும் என்று வதனியும் வந்தாள், என்னை ஏற்றி வந்த அதே காரில், வழி முழுக்க வானொலியைப் போட்டுக்கொண்டு. நல்ல வெயில். கிழக்குப் பக்கத்தில் குனிந்த நிசாம் நானா நிமிரவேயில்லை. போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் கயிறு கட்டிய முளைகள் ஏழு. தலை மட்டும் வெளியே தெரிய அவர் அடித்து இறக்கியவை. ஏழும் முக்கால்வாசி வெளியே வந்து நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஈரமண் கிழிந்து வாய் பிளந்திருந்தது. இரண்டு முளைகளில் மண்ணுக்குள் இருந்தது என் விரல் நீளம்கூட இல்லை. இன்னும் ஒரே ஒரு வீச்சு வந்திருந்தால் போதும், அல்ஹம்துலில்லாஹ் என்று நிசாம் நானா தனக்குத்தானே சொன்னார்.

வதனியைக் கூப்பிட்டேன். குத்துவிளக்கைக் கையில் பிடித்தபடி வந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவள் முளைகளை வரிசையாகப் பார்த்தாள். கடைசி முளையைச் செருப்பு நுனியால் மெல்லத் தொட்டாள். அது சரிந்து புல்லில் விழுந்தது.

விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் அந்த ஈரப் புல்லிலேயே இருந்துவிட்டாள். முகத்தை மூடவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"அபி மணவறையால எழும்பேக்கை, இருடி எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனான், அண்ணை."